கட்டில் அளவு வெறும் மண்

லாரியை ஆஸ்பத்திரி மதிலோரம் நிறுத்திவிட்டு, ஓஸை இழுத்துக்கொண்டு போய், செடியே இல்லாத இடத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள். சுற்றிலும் தும்பையும் துத்தியும் ஆவாரையும் தள்ளுமுள்ளாக நிற்க, மூலையில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு மட்டும் மண் மொட்டையாகக் கிடந்தது. கல் பொறுக்கி, தட்டிக் கெட்டித்து, வெயில் பக்கமாக லேசாகச் சரித்துவிட்டிருந்த மண். இவ்வளவு பக்குவம் செய்த இடத்தில் விதை போடாமலா இருப்பார்கள்? முளைக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். ஓஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்து, விதையை அரித்துக்கொண்டு போய்விடாதபடி பூப்பூவாகத் தூவினேன். நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டுகிற இத்தனை வருஷத்தில் எந்தச் செடிக்கும் நான் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. நண்பர்கள் என்னைத் தண்ணி வண்டி என்று கூப்பிடுவார்கள். நான் சொட்டுக்கூடத் தொடாதவன் என்பதால் அவர்களுக்கு அதில் தனி ஆனந்தம்.

தோட்டம் என் மாமியாருடையது. அவர் பெயரில் பட்டா இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவர் அத்தை. ஓபி வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு நிலம், டீக் கப்பும் மாத்திரை அட்டையுமாகக் கிடந்தது. ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் நூலகத்தில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்தார். தேனீக்களும் பட்டாம்பூச்சிகளும் குறைந்துகொண்டே வருகின்றன, பொது இடங்களில் அந்தந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடிகளை வைத்தால் அவற்றுக்கு ஒரு போக்கிடம் கிடைக்கும் என்று பேச்சு. மறுநாள் காலையிலேயே பெரிய டாக்டரின் அறைக்குப் போய் அந்த நிலத்தைக் கேட்டுவிட்டார். பெரிய டாக்டர், சின்ன டாக்டராக இருந்த காலத்தில் அத்தையின் வார்டில் ராத்திரியும் பகலும் திட்டு வாங்கியவர். அத்தை கேட்டு முடிப்பதற்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டாராம். செலவு கேட்கக் கூடாது, அசிங்கமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் போட்ட நிபந்தனை.

அசிங்கம் என்பதில்தான் முதலில் தகராறு வந்தது. ரோஜாவும் குரோட்டன்ஸும் வரும் என்று எதிர்பார்த்த ஜனங்களுக்கு எருக்கும் நாய்த்துளசியும் தோட்டமாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் களை எடுக்கக்கூட ஆள் இல்லையா என்று அத்தை காதுபடவே கேட்டார்கள். பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருந்த ஒரு இளைஞன், கைக்கு வேலை இல்லாமல் தவித்துப்போய், நல்ல எண்ணத்தில் உட்கார்ந்து ஒரு பாத்தித் தும்பையை வேரோடு பிடுங்கிச் சுத்தம் செய்துவிட்டான். அத்தை வந்து பார்த்தபோது பிடுங்கிய குவியலைப் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டு, வேர்வை வழியப் பாராட்டுக்காக நின்றிருக்கிறான். உள்ளே இருந்து பெண் குழந்தை என்று சத்தம் வந்தது. அத்தை அவனை ஒன்றும் சொல்லவில்லை. இதையெல்லாம் நான் நேரில் பார்க்கவில்லை. அத்தை என் மனைவியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னது.

எங்கள் வீட்டில் எல்லாச் செய்தியும் அப்படித்தான் வந்து சேரும். அத்தை எங்களோடு வந்து தங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் அவரும் நானும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது சாப்பிட்டாச்சா, ஆச்சு என்பதைத் தாண்டவில்லை. சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. மரியாதைதான். நான் கூடத்துக்குள் கால் வைத்தால் அத்தை எழுந்துவிடுவார். டிவியில் என்ன ஓடினாலும், கையில் டீ டம்ளர் பாதியில் இருந்தாலும், மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று எழுந்து சமையலறைப் பக்கம் போய்விடுவார். ஒரு ஆஸ்பத்திரியையே நடுங்க வைத்தவர் என்னைக் கண்டு எழுந்து நிற்பது எனக்குக் கூச்சமாக இருக்கும். உட்காருங்க அத்தை, உட்காருங்க அத்தை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல இன்னும் வேகமாகப் போனார். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

ஆனால் அவர் வந்த பிறகு வீடு மாறிவிட்டது. வேலை முடிந்து வந்து வாசல்படியில் ஷூவைக் கழற்றும்போது உள்ளே சமையலறையிலிருந்து அம்மாவும் மகளும் சிரிப்பது கேட்கும். என் மனைவி அப்படிச் சிரிப்பாள் என்பதே எனக்கு அத்தை வந்த பிறகுதான் தெரியும். நான் உள்ளே போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்பதால், ஷூ நாடாவில் இல்லாத முடிச்சை எல்லாம் அவிழ்த்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருப்பேன். என் ரத்த அழுத்த மாத்திரை காலை மாலை பிரித்துச் சின்ன டப்பாவில் தானாக வந்து உட்காரும். யார் வைத்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உலகத்தில் மாமியார் எப்போது ஊருக்குப் போவார் என்று நாள் பார்க்கிற மருமகன்களைப் பார்த்திருக்கிறேன். நான் உல்டா. இவர் போய்விடுவாரோ என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்துகொண்டே இருந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் ஒரு பை. அவரது வாடகை வீட்டைக் காலி செய்து அழைத்து வந்த அன்று நான்தான் அதைச் சுமந்தேன். பழுப்பு நிறத்தில் பெரிய துணிப்பை. ஜிப் போய்விட்டதால் வாயை பாண்டேஜ் துணியால் சுற்றி, கையில் கட்டுப் போடுவது போலவே முடிச்சிட்டிருந்தார். வந்த அன்றே பீரோவில் ஒரு தட்டு முழுக்க ஒழித்துக் கொடுத்தோம். தட்டு காலியாகவே இருந்தது. பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு நாளும் பாண்டேஜை அவிழ்த்து ஒரு புடவையை எடுப்பார், துவைத்துக் காய்ந்ததை மடித்து உள்ளே வைப்பார், திரும்பக் கட்டுவார். மகள் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் கவலை. தூரத்து நகரத்தில் இருக்கிற மச்சான், அதாவது அவர் மகன், வாரம் தவறாமல் போன் செய்து எப்போ வர்றே என்று கேட்பான். பார்க்கலாம் என்பார் அத்தை. அந்தப் பார்க்கலாமை நான் படியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒருநாள் என் மனைவி தைக்கிற துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"அம்மா தோட்டத்து மூலையில ஒரு இடத்தைத் தயார் பண்ணி வச்சுக்கிட்டு, இன்னும் வரலையே, இன்னும் வரலையேன்னு தெனம் பொலம்புறாங்க."

"என்ன வரணும்?"

"அதெல்லாம் நான் கேட்டுக்கல. கைநெறைய வேலை கெடக்கு. அது மட்டும் வந்துட்டா நிம்மதின்னாங்க. இல்லேன்னா மழைக்கு முன்னாடி அண்ணன்கிட்ட போயிடலாம்னு நெனைக்கிறாங்க போல. சும்மா ஒக்காந்து சாப்பிடுறது அவங்களுக்கு ஆகாதுங்க."

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்த செய்தி. மறுநாள் வண்டியோடு போய் அந்த மூலையைப் பார்த்தேன். மொட்டை மண். வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? முளைக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர்க்காரனுக்கு வேறு என்ன தோன்றும்? மற்ற செடிகளுக்குத் தண்ணீரே வேண்டாம், மழைக்கு அவையே பிழைத்துக்கொள்ளும் என்று அத்தை ஏற்கெனவே நகராட்சியில் சொல்லி வைத்திருந்தார். ஆனால் முளைக்காத விதைக்கு வேண்டுமே. அத்தை வீட்டு வேலை முடித்துத் தோட்டத்துக்கு வருவதற்குள், என் ரூட்டில் ஆஸ்பத்திரி வாசல் முடிந்துவிடும். வெயில் ஏறாத வேளையில் ஊற்றிவிட்டுப் போய்விடுவேன். சொல்லியிருக்கலாம். ஆனால் என்னிடம் ஒரு வேலை சொன்னதாக ஆகிவிடுமே என்று அவர் மறுத்துவிடுவார். முளைத்த பிறகு அவராகவே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த நாட்களில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கூட இருக்கிறேன்.

ஊற்றினேன், ஊற்றினேன், பச்சையே தெரியவில்லை. சரி, கெட்டி விதை போல என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

அப்படி ஒருநாள் மாலை சாப்பிட உட்கார்ந்தேன். அத்தை வழக்கம்போல் சமையலறையில். மனைவி பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு அம்மாவோட தோட்டத்தைத் தோண்டப் போறாங்களாம்."

"எதுக்கு?"

"கீழ எங்கேயோ பைப் ஒடைஞ்சிருக்காம். அந்த மூலை எப்பப் பார்த்தாலும் சொதசொதன்னு இருக்குதாம். ஆஸ்பத்திரி பிளம்பர் வந்து பார்த்துட்டு, இடிச்ச பழைய கட்டடத்து லைன் கீழ போகுது, எங்க கசியுதுன்னு தெரியல, வாசல் குழாயிலேர்ந்து மதில் வரைக்கும் தோண்டினாத்தான் உண்டுன்னு சொல்லிட்டாராம். அதான் அது வரவே இல்ல. ஈரம் இருந்தா வராதாம்."

"எது வராது?"

"தேனீதாங்க. நம்ம மரத்துல கூடு கட்டி தொங்குமே அது இல்ல. இது ஒண்டிக்கட்டை. ஒவ்வொண்ணும் தனியா மண்ணுல வளை தோண்டி உள்ளேயே முட்டை போடுமாம். அதுக்குக் காஞ்ச மண்ணு, வெறும் மண்ணு வேணுமாம். செடி வைக்கிற அத்தனை பேரும் பூவைப் பத்தி யோசிக்கிறாங்க, அது எங்க படுக்கும்னு யாரும் யோசிக்கலைன்னு அம்மா சொன்னாங்க."

எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அவள் கவனிக்கவில்லை. ஊசி போடும் அறைக்குப் பின்னால் ஒரு பழைய சுவர் இருந்ததாம். காரை பொரிந்த அந்தச் சுவரில் வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீக்கள் ஓட்டை போட்டுக் குடியிருந்தனவாம். டீ குடிக்கிற நேரத்தில் அத்தை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். புதுக் கட்டடம் கட்டும்போது அந்தச் சுவரை ஒரே நாளில் இடித்துத் தள்ளிவிட்டார்களாம். அவை எங்கே போயிருக்கும் என்ற நினைப்பு அவருக்குப் போகவே இல்லையாம். ஓய்வு பெற்றதும் அந்தத் துண்டு நிலத்தைக் கேட்டதே அதற்காகத்தான் என்று மனைவி சொன்னாள். இத்தனையையும் அவளும் அன்றுதான் முழுதாகக் கேட்டிருக்கிறாள்.

"பாவம், ரொம்ப மனசு ஒடைஞ்சு போச்சு அவங்களுக்கு. அண்ணனுக்குப் போன் பண்ணி டிக்கெட் பார்க்கச் சொல்லிட்டாங்க" என்றாள்.

சமையலறைக்குள் தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. எழுந்து நாலு எட்டு வைத்தால் சொல்லிவிடலாம். அத்தை, பைப் உடையவில்லை, நான்தான் ஊற்றினேன். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஒரு வருஷமாகச் சாப்பிட்டாச்சா என்பதைத் தாண்டாத வாய்க்கு, எடுத்த எடுப்பில் இவ்வளவு பெரிய வாக்கியம் வரவில்லை. கை கழுவப் போனேன். அத்தை ஒதுங்கி வழிவிட்டார். நான் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். என்னை நானே திட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

காலையில் ரூட்டைத் தலைகீழாக மாற்றி முதலில் ஆஸ்பத்திரிக்கு விட்டேன். பிளம்பரைப் பிடித்து ரகசியமாகச் சொல்லித் தோண்டலை நிறுத்திவிடலாம் என்று திட்டம். போனால் அத்தை எனக்கு முன்பே அங்கே இருந்தார். மண்ணில் மண்டியிட்டு, ஒவ்வொரு தும்பையாக வேர் மண்ணோடு பெயர்த்துப் பழைய டப்பாக்களில் வைத்துக்கொண்டிருந்தார். தீப்பிடித்த வார்டிலிருந்து நோயாளிகளை வெளியே கொண்டுவருகிற மாதிரி, அவசரமாக, ஆனால் ஒன்றைக்கூடக் கசக்காமல். பிளம்பர் கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். காவலாளி டீ குடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். என்னைப் பார்த்ததும் அத்தை வழக்கம்போல எழுந்துவிட்டார். கை நிறைய மண்ணோடு எழுந்தார்.

"அத்தை, தோண்ட வேணாம். பைப் ஒடையல. அது என் தண்ணி."

பிளம்பர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தண்ணியா?"

"லாரித் தண்ணி. தெனம் காலையில நான்தான் ஊத்தினேன்."

"ஆமா சிஸ்டர்" என்றார் காவலாளி, டம்ளரிலிருந்து வாயை எடுத்து. "டிரைவர் ஒருநாள்கூட தவற மாட்டாரே. குழந்தையைக் குளிப்பாட்டுற மாதிரி ஊத்துவாரு."

"யோவ், நான் இங்க குப்புறப் படுத்துக் காதை வச்சுக் கேட்டேனே, அப்ப சொல்றதுக்கென்ன?" என்றார் பிளம்பர்.

"என்னை யாரு கேட்டா? நீங்க பைப்பைப் பத்திதானே பேசிக்கிட்டு இருந்தீங்க."

அத்தை அவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியாத முகம். வார்டில் எத்தனை பேர் இந்த முகத்துக்கு முன்னால் உண்மையைக் கக்கியிருப்பார்களோ.

"எதுக்கு மாப்பிள்ளை ஊத்தினீங்க?"

"வெதை போட்டிருக்கீங்கன்னு நெனைச்சேன் அத்தை. மொளைக்க மாட்டேங்குதேன்னு..."

"மொளைக்கலைன்னா என்ன?"

பிளம்பரும் காவலாளியும் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லிவிட்டேன். "மொளைக்கலைன்னா நீங்க மச்சான் வீட்டுக்குப் போயிடுவீங்கன்னு அவ சொன்னா. நீங்க போகக் கூடாதுன்னுதான் ஊத்தினேன்."

அத்தை கையிலிருந்த மண்ணை மெல்லத் தட்டினார். தட்டிய பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். தலையை வேறு பக்கம் திருப்பி ஓபி வாசலில் வரிசை போடுகிற ஜனங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே காட்டாமல் இருக்க ஓஸின் முனையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார்.

"நீங்க ஒக்காந்திருந்தாத்தானே அத்தை கேக்க முடியும்? நான் வந்தாலே எழுந்து போயிடுறீங்களே."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்தது இப்படிக் கடப்பாரைக்கு முன்னால் வந்து விழும் என்று நான் நினைக்கவில்லை. பிளம்பர்தான் தொண்டையைச் செருமினார்.

"இப்ப நான் தோண்டணுமா, வேணாமா?"

"போய் வேற வேலையைப் பாருங்க" என்றார் அத்தை. பழைய தலைமை நர்ஸின் குரல். அவர் கடப்பாரையோடு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

காவலாளிக்கு மட்டும் போக மனமில்லை. இவ்வளவு நல்ல விஷயத்தை விட்டுவிட்டு யார் போய் கேட்டில் காவல் நிற்பது. "ஆனா சிஸ்டர், டிரைவர் ஊத்தினதும் ஒண்ணும் வீணாப் போகல. வெயில் ஏறினதும் அந்த ஈரத்துல பட்டாம்பூச்சி வந்து கும்பலா ஒக்காருது. ஓபிக்கு வர்ற பசங்க மாத்திரை கசக்குதுன்னு அழுதா, நான் இங்க கூட்டிட்டு வந்து காட்டுறேன்" என்றார்.

"தெரியும்" என்றார் அத்தை. "ஈர மண்ணுல உப்பு உறிஞ்ச வருது. நானும் பார்த்தேன். எவ்வளவு அழகு. ஆனா பைப் ஒடைஞ்சு தோட்டமே போகப்போகுதேங்குற நெனைப்புல எனக்குப் பார்க்கவே பிடிக்கல." பிறகு என் பக்கம் திரும்பினார். அந்த மொட்டை மண்ணின் குறுக்கே காலால் ஒரு கோடு இழுத்தார். "இந்தப் பாதிக்கு ஊத்துங்க மாப்பிள்ளை. அதுவும் கொஞ்சமா, காலையில ஒரு வேளை. அந்தப் பாதி காயட்டும். அங்க ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது."

மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தது போல இருந்தது. சரிங்க அத்தை என்றேன். பெயர்த்த தும்பைகளைத் திரும்ப நடுவதற்குக் கூடமாட நின்று பள்ளம் பறித்தேன். அன்று சாலை நடுத்திட்டுச் செடிகளெல்லாம் மதியம்தான் தண்ணீர் பார்த்தன.

விஷயம் தெரிந்ததும் என் மனைவி தையல் மிஷின் மேல் கவிழ்ந்து சிரித்தாள். "தேனீக்கு வெந்நீர் வச்சுக் குடுக்காம விட்டீங்களே" என்றாள். அவள் சிரிப்பதை முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தேன். பாதிச் செய்தி சொன்னது உன் தப்பு என்றேன். மீதியைக் கேட்காமல் போனது உங்கள் தப்பு என்றாள். அத்தை உள்ளே பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எங்களோடு சேர்ந்து சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. டிக்கெட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மச்சானின் போன் வந்தது. பார்க்கலாம் என்றார் அத்தை. அதே பார்க்கலாம்தான். நான் கூடத்துக்கு வந்தால் அதேபோல எழுந்துதான் போனார். ஆனால் முன்பு போலச் சட்டென்று போகவில்லை, கையில் இருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார் என்று எனக்கு ஒரு எண்ணம். ஆசையில் தோன்றியதாகவும் இருக்கலாம்.

மழைக்கு மேகம் கூடத் தொடங்கியிருந்த ஒருநாள், லாரியின் பம்பு மக்கர் செய்ததால் ஷெட்டில் விட்டுவிட்டுப் பகலிலேயே வீடு திரும்பினேன். மனைவி பகலில் வேலை பார்க்கிற தையல் கடைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்து உள்ளே போனால் வீட்டில் சத்தமே இல்லை. தண்ணீர் குடிக்கப் போகும்போது அத்தையின் அறை வாசல் வழியாகப் பார்வை தானாகக் கட்டிலுக்கு அடியில் போயிற்று. பையைக் காணோம்.

குனிந்து பார்த்தேன். பை இருந்த இடத்தில் தரை மட்டும் தூசி படாமல் பளிச்சென்று சதுரமாக இருந்தது. பீரோவைத் திறந்து தட்டைப் பார்த்திருக்கலாம். ஆனால் மாமியாரின் பீரோவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. திறந்து, அதுவும் காலியாக இருந்துவிட்டால்? சொல்லிக்கொள்ளாமல் போகிறவர் இல்லைதான். ஆனால் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது ஆஸ்பத்திரி வாசலில் அவருக்குத் தெரிந்துபோயிற்றே. அதனால்தான் நான் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்பிவிட்டாரோ? ஒரு மனிதரைத் தங்க வைக்க இப்படியா நடுத்தெருவில் வைத்துக் கேட்பது என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. மனைவிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மிஷின் ஓடும்போது அவளுக்குப் போன் கேட்காது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். பஸ் நிலையத்துக்கா, ஆஸ்பத்திரிக்கா என்று முச்சந்தியில் ஒரு நிமிஷம் குழம்பி, கால் பழகிய பக்கமே போயிற்று.

கேட்டில் காவலாளி என்னைக் கண்டதும், "என்ன டிரைவரே, வண்டி இல்லாம வர்றீங்க? ஆளே அடையாளம் தெரியல" என்றார்.

"சிஸ்டர் வந்தாங்களா?"

"வராம? ரெண்டு மூணு நாளா ஒரே ஓட்டுச் சில்லு சுமக்கிறதுதான் வேலை. இடிச்ச செவுரோட ஓடும் செங்கல்லும் பின்னாடி குமிஞ்சு கெடக்குல்ல, அதை ஒரு பையில அள்ளி அள்ளிக் கொண்டாந்து கோடு கட்டிட்டாங்க. நான் தூக்குறேன்னா விட மாட்டேங்குறாங்க."

"என்ன பை?"

"ஏதோ பழைய பை. பழுப்புக் கலர்ல, பெருசா. ஏன்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். ஆவாரை பூத்திருந்தது. அதில் ஒரு கிளை சாய்ந்திருந்ததற்குக் குச்சி நட்டு முட்டுக் கொடுத்திருந்தது. கட்டியிருந்தது பாண்டேஜ் துணி. கையில் கட்டுப் போடுகிற அதே முடிச்சு. மூலையில், அத்தை காலால் இழுத்த கோடு இப்போது உடைந்த ஓடும் செங்கல்லுமாக ஒரு சாண் உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஒரு பக்கம் நான் காலையில் ஊற்றிய ஈரம். மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டாம்பூச்சிகள் சிறகை ஒட்டி வைத்துக்கொண்டு அதில் அசையாமல் உட்கார்ந்திருந்தன. மறுபக்கம் காய்ந்து வெளுத்த மண்.

காய்ந்த பக்கத்துக்கு எதிரே அத்தை தரையில் உட்கார்ந்திருந்தார். பையைக் கவிழ்த்து உதறி, நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். முட்டியெல்லாம் செங்கல் தூள். என் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் என் பழக்கத்தில், அவர் எழுந்துவிடப் போகிறாரே என்று பாதி வழியிலேயே நின்றேன்.

"வந்துடுச்சா அத்தை?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல." அவர் பார்வை மறுபடி மண்ணுக்குப் போய்விட்டது. "மண்ணு நல்லாக் காயட்டும். மழை முடிஞ்சு வரும். இல்லேன்னா அடுத்த வெயிலுக்கு வரும்."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. என் நிழல் நீண்டு போய் அந்தக் காய்ந்த பாதியில் பாதியை மூடியிருந்தது.

"நெழல் விழுது மாப்பிள்ளை, இப்படி ஒக்காருங்க" என்றார்.

பையில் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். எழுந்திருக்கவில்லை.